கவலையை நிறுத்தல்

கவலை என்னுஞ் சொற்கு நம் பழைய நூல்களிலே இரண்டு பொருள் உள. ஒன்று யாவரும் அறிந்த மனத்துயர். மற்றொன்று, ஒரு வழி இரண்டாகவும் மூன்றாகவும் கவர்த்துப் பிரியும் இடம். அவ்விடத்தே வந்த வழிப்போக்கன் இதுவோ அதுவோ என மயங்கி, ஒன்றிலுஞ் செல்லாது, வந்தவழியே மீளவும் மாட்டாது, பொழுது சாயுமளவும் நிற்பானாயின், நடந்து சென்றவனைக் காட்டிலும் நின்ற அவனுக்கே கால் மிக நோகும். மனத்துயருக்கும் கவர்வழிக்கும் ஒரு பெயரே அமைந்தமை தற்செயலாயினும் ஆகுக; நமக்கு அது நல்லாசிரியனாய் உதவுகின்றது.

சைவசித்தாந்த நூல்கள் அந்தக்கரணங்களை மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என நான்காக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் தொழில் வேறு கூறும். மனத்தின் தொழில் ஒன்றைப் பற்றி ஐயுறுதல். புத்தியின் தொழில் இஃது இன்னது எனத் துணிதல். ஐயுறுதல் குற்றமன்று. ஐயுறாதவன் துணியவும் மாட்டான். மனமானது தான் ஐயுற்ற பொருளைப் புத்தியினிடம் ஒப்புவியாது, தன் கையிலேயே வைத்து மீட்டும் மீட்டும் புரட்டிக்கொண்டிருத்தலே கவலை எனப்படும். ஆகலின் சிந்தித்தல் வேறு, கவலுதல் வேறு. ஒரு மணி நேரஞ் சிந்தித்தவன் ஏதேனும் ஒரு செயலோடு எழுகின்றான். ஒரு மணி நேரங் கவன்றவனோ புறப்பட்ட இடத்திலேயே இருக்கின்றான். களைப்பு மாத்திரமே அவனுக்கு வந்த ஊதியம்.

மலைநாட்டு அன்பர்களுக்கு இதனை விளக்குதற்கு நானுஓயா மிகப் பொருத்தமான ஊர். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள இவ்வூருக்குப் புகைவண்டி வந்தது 1885 இல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இங்கிருந்து குறுகிய இருப்புப்பாதை ஒன்று பிரிந்து நுவரெலியா வழியாக இராகலைப் பக்கஞ் சென்றது. அது 1948 இல் மூடப்பட்டது. அவ்வாண்டிலேயே, இருப்புப்பாதையின் கவர்வழி ஒழிந்த இவ்வூர் மக்களுக்கு மற்றொரு கவர்வழி திறந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினாலே தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் எந்நாட்டுக்கும் உரியரல்லாராயினர். 1964 இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியுஞ் செய்த உடன்படிக்கை, 525,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 300,000 பேர் இலங்கைக்கு என்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் என்றும் பிரித்தது. அப்பின்னர் என்பது 1974 இலே வந்தது. எஞ்சியோரும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003 இல் இயற்றப்பட்டது. 1948 முதல் 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

தலைமன்னாருக்குப் புகைவண்டியேறி, அங்கே கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் துயருற்றனர். வழியனுப்பி நின்றோரும் துயருற்றனர். ஆயினும் அவர்கள் உற்றது துயரம். எப்பக்கம் என்றறியாது பத்திரத்துக்குக் காத்திருந்தோர் உற்றதே கவலை. அழுது தீர்வது துயரத்தின் இயல்பு. கவலையோ அழுதாலுந் தீர்வதன்று. இதனை ஈண்டு எடுத்துக் கூறுவது பழங்கதை பேசுதற்கன்று. கவலை அனைத்தும் அவரவர் மனத்தின் குற்றமே என்று போதிப்பார் பலர் உளர். கவர்வழியிற் கொண்டுபோய் நிறுத்தியவன் வேறொருவனாயிருக்க, நின்றவனை நோக்கி, ‘நின் மனம் பக்குவமில்லாதது’ என்று கூறுதல் அறிவுரையாகாது, அது கொடுமையேயாம்.

நிற்க. தலைப்பிலே நிறுத்தல் என்றது யாது? நிறுத்தல் என்பதும் இரு பொருட்சொல். ஓடுவதைத் தடுத்தலும் நிறுத்தல். தராசிலே எடை காண்டலும் நிறுத்தல். கவலையை முதற்பொருளில் நிறுத்த முயன்று தோற்றவர் எண்ணிலர். ‘கவலைப்படாதே’ என்று மனத்தை நோக்கிச் சொல்லச் சொல்ல, அம்மனம் அதனையே நாடி ஓடுகின்றது. ஆகலின் யாம் இரண்டாம் பொருளைப் பற்றியே கூறுதும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தை அறியாதார் தோட்டத்தில் இலர். மழைநாளிற் பறித்த கொழுந்திலே நீரும் உடனிருத்தலால் கூடை கனத்திருக்கும். தராசிலே தூக்கியபின், ஈரத்துக்கென்று இவ்வளவு கழித்து, எஞ்சியதையே கொழுந்தாகக் கணக்கில் எழுதுவர். (அக்கழிவு நேர்மையாயிருத்தல் வேண்டுமென்பது வேறொரு வழக்கு; அதனை மறந்தோமல்லேம்.) கவலையும் அத்தகைத்தே. அதன்கண் கொழுந்து சிறிது உண்டு, நீர் பெரிது உண்டு. கொழுந்தாவது, நாம் செய்யத்தக்க செயலைக் காட்டும் பகுதி. நீராவது, செயல் எதனையுங் காட்டாது பாரத்தை மாத்திரம் மிகுவிக்கும் பகுதி. நிறாதவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். முழுக் கூடையும் முதுகை அழுத்தும்.

ஒரு தாயை உள்ளத்திற் கொள்க. அவர் ஒருவரல்லர்; எல்லா லயங்களிலும் உளர். வைகறையிலே எழுந்து பெரட்டுக்களத்துக்குச் செல்லவேண்டியவர் நள்ளிரவிலே விழித்திருக்கின்றார். கவலை யாது என்று வினவினால், ‘எல்லாந்தான்’ என்பார். இந்த ‘எல்லாம்’ என்பதே ஈரம். ஒரு கடதாசியும் பென்சிலும் எடுத்து, அல்லது எழுத்தறிந்த பிள்ளையை அருகிருத்தி, ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்க. எல்லாம் என்று நின்றது ஐந்தாகவோ ஆறாகவோ குறையும். கடன், லயத்துக்குப் பின்னுள்ள மண்மேடு, அரைப்பேர், மகனின் பரீட்சை, கொழும்பில் வேலைசெய்யும் மகள் மூன்று நாளாகத் தொலைபேசியிற் பேசாமை: இவையே பெரும்பாலும் இருப்பன.

முதலிற் கடன். மலைநாட்டுக்குக் கடன் புதியதன்று. 1921 இல் ஒழிக்கப்படுமளவும் இங்கே துண்டு முறை இருந்தது. தொழிலாளர் ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போகவேண்டின், அவர்தங் கடன் இவ்வளவு என்றெழுதிய சீட்டொன்று வேண்டும். புதிய தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்தி அவர்களை ஏற்றுக்கொள்வர். கடன் தீர்ந்ததாயில்லை, இடமே மாறியது. தொகையைத் துண்டு அறியும், கங்காணியார் அறிவார், துரை அறிவார். கடன்பட்டவன் மாத்திரம் அறியான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பாரம் ஒன்றே. இன்று துண்டு இல்லை. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் பிணை நின்று வாங்கி, வாரந்தோறுங் கட்டுங் கடன் உண்டு. ஆயினும் அப்பழைய அறியாமை பல வீடுகளிலே இன்னுங் குடியிருக்கின்றது. முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இதுகாறுஞ் செலுத்தியது எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை என்று வினவின், விடை சொல்வார் சிலரே. தவணைநாள் மாத்திரம் நன்கு தெரியும். அந்நாளில் வாயிற்கதவு தட்டப்படும் ஓசையும் தெரியும். அளவறிந்த பெருங்கடனைக் காட்டிலும் அளவறியாத சிறுகடனே உறக்கத்தை மிகுதியாகக் கெடுக்கின்றது. கணக்கைப் பார்த்தமாத்திரத்திற் கடன் குறையாது, அது மெய்யே. ஆயின் ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குகின்றோம் என்னும் உண்மை கணக்கிலேதான் வெளிப்படும். வெளிப்பட்ட பின்னரே, இனி வாங்குவதில்லை என்று துணிதலோ, தவணையை நீட்டித் தருமாறு கேட்டலோ, கணவனிடம் மறைத்ததைச் சொல்லுதலோ, ஏதேனும் ஒரு செயல் பிறக்கும்.

அடுத்தது மண்மேடு. இதனை நீர் என்று கழிப்பவன் அறிவிலி. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையிலே கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியிலே வந்த டித்வா புயல் இலங்கையில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மலைநாட்டு மண்சரிவுகளில் மாண்டோர் பலர். அதன்பின் மழையோசை கேட்டு எழுந்து உட்காருந் தாயைப் பேதை என்பதா? அவ்வச்சம் ஒரு தூதன். தூதன் கொண்டுவந்த ஓலையை வாங்கிப் படியாது, அவனை வாயிலிலே நிறுத்தி இரவெல்லாம் அவன் முகத்தையே பார்த்து நடுங்குதல்தான் பிழை. ஓலையிலே எழுதியிருப்பன இவை: நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு உண்டோ, நேரே நின்ற மரம் சாய்ந்ததோ, தெளிந்த ஊற்றுநீர் திடீரெனக் கலங்கியதோ என்று பகலிலே பார்த்தல். தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளாக விடுக்கும் எச்சரிக்கையை அறிதல். அவற்றுள் மூன்றாவதாகிய சிவப்பு எச்சரிக்கை, உடனே வெளியேறுக என்பது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 117 என்பதை வீட்டார் யாவரும் மனனஞ் செய்தல். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மருந்து ஆகியவற்றை ஒரு பையிலே கட்டிவைத்தல். எங்கே போவது, முதியவரை யார் தூக்குவது என்று முன்னரே துணிதல். இவ்வளவுஞ் செய்தபின்னும் அச்சம் எஞ்சும். எஞ்சட்டும். பாதுகாப்பான நிலத்திலே வீடு கிடைக்குமளவும் அது முழுதும் நீங்காது; நீங்கவேண்டுமென்று கேட்டலும் முறையன்று. ஆயினும் பை கட்டி வைத்தவளின் அச்சமும் கட்டாதவளின் அச்சமும் எடையிலே ஒன்றல்ல.

அரைப்பேர் என்பது நாளின் அளவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைநாட் கூலியே எழுதப்படுவது. இதுவும் கொழுந்தே, நீரன்று. ஆனால் ஒருவர் கூடையிலே தனியே சுமக்கத்தக்கதுமன்று. ஒரு மலையிலே பறிக்கும் அனைவர்க்கும் உள்ள குறையை ஒருத்தி தன் தலைவிதியென்று எண்ணி உள்ளுக்குள் உழல்வது, பலர் தூக்கவேண்டிய மரத்தை ஒருத்தி தூக்க முயல்வது போலாம். அது சங்கத்திலே பேசவேண்டிய பொருள். படுக்கையிலே புரட்டவேண்டிய பொருளன்று.

மகனின் பரீட்சைக்கு அவர் செய்யத்தக்கது, விளக்கும் அமைதியும் தருதல். விடையெழுதுவது அவன் கை. மகளுக்கோ ஓர் அழைப்பு. விடையில்லையேல் அவள் தோழிக்கு ஓர் அழைப்பு.

இங்ஙனம் நிறுக்க நேரம் எது? படுக்கை அதற்கு இடமன்று. அமெரிக்க உளநூலறிஞர் தாமஸ் போர்க்கோவெக் என்பவரும் அவருடன் உழைத்தோரும் 1983 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே ஒரு முறை கூறினர். நாடோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரைமணி நேரத்தைக் கவலைக்கென்று ஒதுக்குக. ஏனைப் பொழுதில் எழுங் கவலையை, ‘அந்நேரத்தில் வா’ என்று ஒத்திப்போடுக என்பது அது. கேட்பதற்கு விளையாட்டுப்போலத் தோன்றினும், கவலை அதனாற் குறைந்ததென்பதே அவர்கள் கண்டது. துரத்தப்பட்ட விருந்தாளி கதவை இடிப்பான். நேரங் குறித்தழைக்கப்பட்டவன் காத்திருப்பான். தோட்டத்து வீடுகளில் அந்தி விளக்கேற்றியபின், சமையலுக்கு முன் ஒரு கால்மணி கிடைத்தாலும் போதும். கடதாசியை அப்போது எடுக்க. பின் மடித்து வைக்க.

கழித்த நீரை யாது செய்வது? செயலாக மாற்றமுடியாத அந்த எச்சம் இரவிலே மறுபடி வாய்திறக்கும். அவ்வாராய்ச்சியாளரே கண்ட மற்றொன்று ஈண்டு உதவுகின்றது. கவலையானது பெரும்பாலுங் காட்சியாக வருவதன்று. உள்ளே ஓயாது பேசும் பேச்சாகவே வருவது. நாவொன்று, உள்நாவும் ஒன்றே. அது திருவைந்தெழுத்தை மெல்ல உருவேற்றுங்கால், அவ்வுள்நாவிலே வேறு பேச்சுக்கு இடம் குறைகின்றது. உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் இயல்பாய் நிற்கும் என்பது சித்தாந்தத் துணிபாதலின், நஞ்சைச் சாராது நல்லதைச் சாருமாறு அதனைத் திருப்புதலே உருவேற்றலின் பயன். லூச்சியானோ பெர்னார்தி என்னும் இத்தாலிய மருத்துவரும் அவர் குழுவினரும், கத்தோலிக்கரின் செபமாலையையும் கீழைநாட்டு மந்திரமொன்றையும் சொல்வித்துப் பார்த்து 2001 இல் எழுதிய கட்டுரையிலே, இரண்டாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்து சீர்ப்பட்டதென்றனர். இதனைக் காட்டி நம்மவர் சிலர், விஞ்ஞானம் மந்திரத்தின் பெருமையை ஒப்புக்கொண்டதென்று பறைசாற்றுவர். அவர்கள் அளந்தது மூச்சையும் இதயத்துடிப்பையும் போன்றவற்றையேயன்றி மந்திரத்தின் பெருமையை அன்று. அளந்ததற்கு மேற் கூறுதல் நமக்கு அழகன்று. மூச்சு சீர்ப்படுதலே உறக்கமின்றிக் கிடக்கும் ஒருவர்க்குச் சிறிய பேறா?

முற்றும் அவனிடம் ஒப்புவித்தல் என்னும் பெயரால் கைகட்டி இருப்பாரும் உளர். திருநாவுக்கரசு நாயனார் நீற்றறையிலும் அஞ்சாதிருந்தாரென்று புராணங் கூறுவதை மேடைதோறும் எடுத்துச் சொல்கின்றோம். அவர் கையில் எப்போதும் உழவாரம் இருந்ததை அதனோடு சேர்த்துச் சொல்வதில்லை. கோயில் வீதியிலே புல்லைச் செதுக்குங் கருவி அது. புல்வெட்டும் கைக்கு உழவாரத்தின் அருமையை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. அவர்பால் அஞ்சாமையும் உழைப்பும் ஒருங்கேயிருந்தன. ஒன்றைவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டவர் நாம்.

துயரத்தைக் கூடியிருந்து ஆற்றும் வழக்கமும் மலைநாட்டில் உண்டு. மாசி மாதத்திலே தோட்டங்களில் நடக்குங் காமன்கூத்திலே, காமன் எரிக்கப்பட்டபின் ரதி புலம்புவாள். லயத்து மக்கள் யாவரும் கூடிநின்று கேட்டுக் கண்ணீர் விடுவர். ரதிக்காகவோ அழுகின்றனர்? தத்தம் வீட்டுக்காகவும் அழுகின்றனர். வட்டகொடைப் பக்கத்து மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிற் பாராளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டி வைத்தார். ஒருத்தி தனியே புலம்பினாற் கவலையாவதே, மலைமுழுதுங் கேட்கப் பாடினாற் பாட்டாகின்றது. சாராயத்திலே கரைக்குங் கவலையோ மறுநாட் காலையில் ஒருநாட் கூலியையும் உடன் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னுமொன்று கூறாது விடுதல் தகாது. கவலை முற்றிய இடத்திலே உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுவதுண்டு. இலங்கையில் 1995 அளவில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் அவ்வாறு இறந்தனர். உலகிலே மிக உயர்ந்த விகிதங்களுள் அஃதொன்று. கொடிய பூச்சிநஞ்சுகள் பல படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. பத்தாண்டுகளில் விகிதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. மக்கள் கவலை பத்தாண்டில் பாதியாகவில்லை. நஞ்சே கைக்கு எட்டாது போயிற்று. அவ்வலை சிறிதுபொழுதே மேலெழுந்து பின் தாழ்வது; அச்சிறு பொழுதிலே கையருகே ஒன்றும் இல்லாதிருத்தல் எத்தனையோ பேரை உயிருடன் வைத்தது. ஆகலின் களைநாசினியும் மருந்தும் வீட்டுக்குள்ளே, தட்டிலே இருத்தலாகாது. ஒருவர் சோற்றை வெறுத்து, பேச்சை வெறுத்து, சாவைப்பற்றிப் பேசத் தொடங்கின், தராசும் கடதாசியும் அவர்க்குப் போதா. தனியே விடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்க. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னுந் தொலைபேசி இலக்கத்திலும் உதவி பெறலாம். திருநீறு இடுதலுக்கும் மருந்து கொடுத்தலுக்கும் பகையில்லை.

இறுதியாக, தோட்டத்துக் கோயிற் சபையார்க்கு ஒரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தவுடன் யாவரும் கலைந்துவிடுகின்றோம். மாதத்தில் ஒரு வெள்ளியிலாவது, கணக்கறிந்த ஆசிரியர் ஒருவரையோ உயர்வகுப்பு மாணவர் இருவரையோ மண்டபத்தின் ஒரு மூலையில் அமர்த்தி, கடன்புத்தகங் கொண்டுவருவோர்க்கு அதனை மெல்ல வாசித்துக் கூட்டிக் காட்டச் செய்யலாம். பெயர் எழுதிவைத்தலாகாது, தொகையைப் பிறர் கேட்கச் சொல்லலாகாது. பெண்கள் வரக் கூசுவராதலின், கணக்குப் பார்ப்போருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் நலம். ஒரு மேசையும், இரண்டு பென்சிலும், பின்பக்கம் எழுதாத பழைய அறிவித்தற் கடதாசியும் இருந்தாற் போதும். மழைக்காலந் தொடங்குமுன் அதே மேசையிலே, எந்தெந்த லயத்தார் எவ்விடஞ் செல்வது என்பதையும் எழுதி, மணிக்கூண்டின் அருகே ஒட்டிவிடலாம்.